எண்மர் தொடங்கிய அருங்காட்சியகம்

1883ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள். பம்பாய் நகரின் பைக்குல்லாப் பகுதியில், இன்று டாக்டர் பாவு தாஜி லாட் பெயரால் வழங்கும் அந்நாளைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எட்டுப் பேர் கூடினர். மாதம் ஒருமுறை சந்திப்பது, விலங்கு, பறவை, பூச்சிகளைப் பற்றித் தாம் கண்டறிந்தவற்றை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது, கைக்குக் கிடைத்த அரிய உயிரின மாதிரிகளைக் கொண்டுவந்து காட்டுவது என்று முடிவு செய்து கலைந்தனர். அவர்களைக் கூடச் சொல்லி அரசு ஆணையிடவில்லை. அவர்களிடம் கட்டிடமோ ஊதியம் பெறும் பணியாளரோ இல்லை. அன்று பிறந்ததே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம்.

அந்தச் சிறு கூட்டத்திலிருந்து, பொதுமக்கள் வந்து காணத்தக்க இயற்கை வரலாற்றுப் பிரிவு ஒன்று ஒரு பெரிய அருங்காட்சியகத்தில் அமையும்வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றன. அந்த நாற்பது ஆண்டுகளையும் தாங்கியவர்கள் பெரும்பாலும் ஊதியமின்றி உழைத்த தன்னார்வலர்கள். பிழைப்புக்கு ஒரு தொழிலும் உள்ளத்துக்கு ஒரு தொண்டுமாக வாழ்ந்த அம்மனிதர்களின் வரலாறு, பொதுநிலையினராகிய நாமும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

யார் இந்த எண்மர்?

எண்மரில் நால்வர் மருத்துவர்கள். அந்த நால்வருள் இருவர் இந்தியர். ஒருவர் டாக்டர் ஆத்மாராம் பாண்டுரங். 1867இல் பிரார்த்தனா சமாஜத்தைத் தோற்றுவித்த சமூகச் சீர்திருத்தவாதி அவர். மற்றவர் டாக்டர் சகாராம் அர்ஜுன். மருந்துச் செடிகளைப் பற்றி ஆழ்ந்த அறிவு கொண்ட அவர், பிற்காலத்தில் புகழ்பெற்ற பெண் மருத்துவர் ருக்மாபாயின் வளர்ப்புத் தந்தை. கழகம் தொடங்கிய இரண்டே ஆண்டுகளில், 1885இல், அவர் மறைந்தார்.

ஆங்கிலேயருள் குறிப்பிடத்தக்கவர் எட்வர்ட் ஹாமில்டன் எய்ட்கன். சத்தாராவில் பிறந்து, சுங்கம் மற்றும் உப்பு இலாகாவில் பணிபுரிந்தவர். நகைச்சுவை ததும்பும் நடையில் தவளை, எறும்பு, காகம் ஆகியவற்றைப் பற்றி எழுதியவர். அவரே கழகத்தின் முதல் கௌரவச் செயலாளர். இன்னொருவர் கர்னல் சுவின்ஹோ. படைத்துறையில் இருந்துகொண்டே வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டில்களையும் திரட்டியவர்.

அலுவல் நிமித்தம் இந்தியாவெங்கும் சுற்றியவர்கள் அந்நாளில் பலர் இருந்தனர். காட்டிலாகா அதிகாரி, தேயிலைத் தோட்டத்துக்காரர், படைவீரர், மருத்துவர் எனப் பலரும் தாம் கண்டவற்றைக் குறித்து வைத்தனர். ஆனால் அந்தக் குறிப்புகள் அவரவர் பெட்டியில் கிடந்தன. வேலை மாற்றம் வந்தால் பெட்டியும் ஊர் மாறியது. ஓய்வு பெற்றால் கப்பலேறியது. மரணம் வந்தால் கரையானுக்கு இரையானது. ஒருவர் வாழ்நாள் முழுதும் கண்டறிந்தது அவரோடு மறைந்துவிடாமல் பொதுச் சொத்தாக நிலைபெற வேண்டும் என்ற ஏக்கமே இத்தகைய கழகத்தின் வேர் எனலாம்.

மது வணிகரின் கடையில் ஓர் அருங்காட்சியகம்

மாதிரிகள் சேரத் தொடங்கியதும் அவற்றை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையாக வந்தவர் ஹெர்பர்ட் மஸ்கிரேவ் பிப்சன் என்ற திராட்சை மது வணிகர். 1884 சனவரியில், கோட்டைப் பகுதியில் இருந்த தம் வணிக நிலையத்தின் ஒரு பகுதியைக் கழகத்துக்கு ஒதுக்கிக் கொடுத்தார். கழகத்தின் முதல் அருங்காட்சியகம் அதுதான். பின்னர் அப்போலோ தெரு 6ஆம் எண் கட்டிடத்துக்குக் கழகம் குடிபெயர்ந்தது. அங்கே ஒருபுறம் வணிகக் கணக்கும், மறுபுறம் பாம்பும் பறவையும் வண்ணத்துப்பூச்சியுமாக வாழ்க்கை நடந்தது.

1886இல் கழகத்தின் இதழ் வெளிவரலாயிற்று. அதே ஆண்டில் எய்ட்கனிடமிருந்து செயலாளர் பொறுப்பை ஏற்ற பிப்சன், 1906வரை இருபது ஆண்டுகள் அதைச் சுமந்தார். அவருக்குப் பின் அவருடைய வணிகக் கூட்டாளி வால்டர் சாமுவேல் மில்லார்டு 1920வரை அப்பணியைத் தொடர்ந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரே வணிக நிலையத்தைச் சேர்ந்த இருவர், தம் வாழ்வாதாரமான வேலைக்கிடையே, கூலி வாங்காமல் கடிதம் எழுதினர், மாதிரிகளைப் பெற்று வகைப்படுத்தினர், இதழை நடத்தினர், உறுப்பினர்களைச் சேர்த்தனர்.

அந்த அலுவலகத்தில் ஊதியம் பெறாத இன்னோர் ஊழியரும் இருந்தார்! 1894இல் கார்வாரிலிருந்து குஞ்சாக வந்து சேர்ந்த ஒரு மலை இருவாட்சிப் பறவை அது. ‘வில்லியம்’ என்று அதற்குப் பெயரிட்டனர். செயலாளரின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த கூண்டில் 1920வரை அது வாழ்ந்தது. வருகிறவர் போகிறவரை எல்லாம் ஈர்த்த அப்பறவையின் நினைவாகவே இன்றும் இருவாட்சி கழகத்தின் சின்னமாக விளங்குகிறது. கழகத்தின் இன்றைய இல்லமும் ‘இருவாட்சி இல்லம்’ என்றே பெயர் பெற்றுள்ளது.

சீட்டில் அடங்கிய சான்று

இத்தகைய சேகரிப்பில் என்ன பெருமை இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். ஒரு பறவையைப் பாடம் செய்யும் முறையை அறிந்தால் விடை கிடைக்கும். உடலை நீக்கித் தோலை மட்டும் பிரித்தெடுப்பர். பூச்சி அரிக்காதிருக்க, அந்நாளில் ஆர்சனிக் நஞ்சு கலந்த சோப்பைத் தோலின் உட்புறம் பூசினர். பஞ்சு அடைத்துத் தைத்தனர். எல்லாம் முடிந்தபின் காலில் ஒரு சிறு சீட்டைக் கட்டினர். எந்த ஊரில், எந்த நாளில், யாரால் எடுக்கப்பட்டது, ஆணா பெண்ணா என்ற விவரங்கள் அதில் இருக்கும்.

அந்தச் சீட்டு இல்லையேல் அது வெறும் அழகுப் பொருள். சீட்டு இருந்தால் அது சாட்சி. இன்ன ஆண்டில், இன்ன காட்டில், இந்த உயிர் வாழ்ந்தது என்று நூறாண்டு கழித்தும் சொல்லும் சாட்சி. காடு அழிந்து ஊரான பிறகும் அது தன் சாட்சியத்தை மாற்றிக்கொள்வதில்லை.

இதற்கு இங்கிலாந்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. பறவை முட்டைகளைச் சேகரிப்பது அங்கே பலருடைய பொழுதுபோக்காக இருந்தது. வீண் வேலை என்று பலரும் எள்ளிய அம்முட்டைகளை டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் எடை பார்த்து அளந்தார். 1940களின் பிற்பகுதியிலிருந்து வல்லூறு முதலிய பறவைகளின் முட்டையோடு மெலிந்து வந்திருப்பதை 1967இல் வெளியிட்டார். டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகளின் கேட்டை உலகுக்கு உணர்த்திய சான்றுகளில் அதுவும் ஒன்று. முட்டைகளைத் திரட்டி வைத்தவர்களுக்கு டி.டி.டி. என்ற சொல்லே தெரிந்திருக்க நியாயமில்லை. தாம் காணப்போகாத ஒரு காலத்தின் கேள்விக்கு அவர்கள் விடை சேர்த்து வைத்தார்கள்.

நாடு தழுவிய வேண்டுகோள்

மில்லார்டின் காலத்தில் கழகம் ஒரு துணிவான முயற்சியில் இறங்கியது. 1911இல் தொடங்கிய பாலூட்டிகள் கணக்கெடுப்பே அது. இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் எலி முதல் மான்வரை எல்லாப் பாலூட்டிகளையும் ஊர் ஊராகச் சென்று திரட்டி ஆராய்வது நோக்கம். இதற்குப் பெரும்பணம் தேவைப்பட்டது. உறுப்பினர்களிடமும் சமஸ்தான மன்னர்களிடமும் அரசிடமும் மில்லார்டு ஓயாது வேண்டுகோள் விடுத்தார். வனத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ராட்டன், வந்து சேர்ந்தவற்றை இலண்டனில் ஆராய்ந்தார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பணி நடந்தது. ஷார்ட்ரிட்ஜ், கிரம்ப், பாப்டிஸ்டா, மெக்கான் முதலியோர் காடுமேடெல்லாம் அலைந்து மாதிரிகளைச் சேகரித்தனர்.

இங்கே மனத்தை உறுத்தும் செய்திகளையும் மறைப்பதற்கில்லை. இந்தச் சேகரிப்பு துப்பாக்கி முனையில் நடந்தது. கழக உறுப்பினர் பலர் வேட்டைப் பிரியர்கள். ஓர் உயிரை அறிவதற்கு அதைக் கொல்வதே வழி என்று கருதிய காலம் அது. மேலும், கண்ணி வைத்துப் பிடித்துக் கொடுத்த பழங்குடி மக்களும், சுமை தூக்கி வழிகாட்டிய கூலியாட்களும் இல்லையேல் ஒரு மாதிரிகூடப் பம்பாய் வந்து சேர்ந்திராது. அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. தொண்டர்களின் வரலாற்றைப் போற்றும்போது, பெயர் எழுதப்படாத அத்தொண்டர்களையும் நினைப்பதே நேர்மை.

எனினும், கொன்று சேகரித்த அதே கழகத்திலிருந்துதான் காத்து வளர்க்கும் குரலும் எழுந்தது. எத்தனை வகை உயிர்கள் உள்ளன, எங்கெங்கே அருகி வருகின்றன என்று எண்ணிப் பார்த்தவர்களே இழப்பின் அளவையும் முதலில் உணர்ந்தார்கள்.

பொதுமக்களுக்குத் திறந்த கதவு

பம்பாயில் பெரிய அருங்காட்சியகம் ஒன்று எழ வேண்டும் என்று நகரப் பெருமக்கள் விரும்பினர். அதற்கு 1905 நவம்பர் 11ஆம் நாள் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். சர் கரீம்பாய் இப்ராகிம் மூன்று இலட்சம் ரூபாய் நன்கொடை அளித்தார். ஜார்ஜ் விட்டெட் வடிவமைத்த கட்டிடம் 1914இல் நிறைவுற்றது. ஆனால் உலகப்போர் வந்தமையால் அது படைவீரர் மருத்துவமனையாகப் பயன்பட்டது. 1922 சனவரி 10ஆம் நாள்தான் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1998 முதல் அது சத்ரபதி சிவாஜி மகராஜ் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவுக்குக் கழகம் தன் சேகரிப்பின் ஒரு பகுதியைக் கொடையாக வழங்கியது. மது வணிகரின் அறையில் தொடங்கிய சேகரிப்பு இவ்வாறு மாளிகை ஏறியது. அதை மக்களுக்கு உரியதாக்கிய பெருமை ஸ்டான்லி ஹென்றி பிரேட்டரைச் சாரும். 1890இல் பிறந்த அவர் நம் நீலகிரியின் மைந்தர். காப்பித் தோட்டக்காரர் ஒருவரின் மகன். பம்பாய் மஸகான் பகுதியில் இயேசு சபையார் நடத்திய தூய மரியன்னை பள்ளியில் பயின்றவர். 1907இல் இளைஞராகக் கழகத்தில் சேர்ந்து, 1923 முதல் 1947வரை அதன் காப்பாட்சியராக விளங்கினார்.

செத்த விலங்கை அலமாரியில் வரிசையாக அடுக்கினால் அறிஞருக்குப் போதும். பாமரருக்கு அது பிணவறைபோல் தோன்றும். பிரேட்டர் அந்த முறையை மாற்றினார். கண்ணாடிப் பேழைக்குள் காட்டின் ஒரு துண்டையே அமைத்து, புல்லும் நீரும் மரக்கிளையும் சூழ, விலங்கு தன் இயல்பான நிலையில் நிற்குமாறு செய்தார். பூநாரைகளும் இருவாட்சியும் காட்டெருமையும் புலியும் அவ்வாறே அங்கே காட்சி தந்தன. எழுத்தறியாத தாயும் தன் குழந்தைக்கு விரல் நீட்டிக் காட்டி விளக்கக்கூடிய காட்சி அது. பிரேட்டர் இந்திய அரசியல் நிர்ணய சபையிலும் ஆங்கிலோ இந்தியரின் பிரதிநிதியாக அமர்ந்தார். இந்திய விலங்குகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1948இல் வெளியாயிற்று.

ஒரு சிட்டுக்குருவியும் ஒரு சிறுவனும்

இத்தொண்டின் பயன் என்னவென்று ஒரே நிகழ்ச்சியில் காட்டலாம். 1908ஆம் ஆண்டு, கழுத்தில் மஞ்சள் திட்டுடைய ஒரு சிட்டுக்குருவியை ஒரு சிறுவன் விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினான். வழக்கமான குருவியைப் போல் இல்லையே என்று ஐயுற்று, தன் மாமாவிடம் காட்டினான். அவர் கழகத்தின் செயலாளர் மில்லார்டுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். தயங்கித் தயங்கி உள்ளே நுழைந்த சிறுவனை மில்லார்டு அன்போடு வரவேற்றார். குருவியின் வகையைச் சொன்னதோடு நில்லாமல், இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். அச்சிறுவனே பின்னாளில் உலகம் போற்றிய பறவையியல் அறிஞர் சாலிம் அலி.

அந்த ஒரு பிற்பகல் நேரத்தை மில்லார்டு கொடுக்காமல் இருந்திருக்கலாம். அவர் வணிகர், வேலை மிகுந்தவர். அன்னியச் சிறுவன் ஒருவனுக்காக இழுப்பறையைத் திறக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. கடமைக்கு அப்பால் ஒருவர் செலவிட்ட சிறிது நேரம் ஒரு நாட்டின் அறிவு வரலாற்றைத் திருப்பிவிட்டது.

சாலிம் அலியின் வாழ்வில் திருச்சபையின் மைந்தர் ஒருவருக்கும் இடமுண்டு. பர்மாவிலிருந்து 1917இல் பம்பாய் திரும்பிய அவர் வணிகச் சட்டமும் கணக்கியலும் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய உள்ளம் எதில் நாட்டம் கொண்டுள்ளது என்பதைக் கண்டுகொண்ட புனித சவேரியார் கல்லூரியின் இயேசு சபைத் தந்தை எத்தல்பெர்ட் பிளாட்டர், விலங்கியல் பயிலுமாறு அவரைத் தூண்டினார். சுவிட்சர்லாந்து நாட்டவரான தந்தை பிளாட்டர் பெரும் தாவரவியல் அறிஞர். பம்பாய்ச் சவேரியார் கல்லூரியில் உள்ள உலர்தாவரக் காப்பகம் அவர் பெயரால் விளங்குகிறது. கழகத்தின் துணைத் தலைவராகவும் பணியாற்றினார். 1934இல் பஞ்ச்கனியில் இறைவனடி சேர்ந்தார். அவர் வழியில் வந்த ஸ்பெயின் நாட்டு இயேசு சபைத் தந்தை சாந்தாபாவ், விடுதலை பெற்ற இந்தியாவின் தாவர ஆய்வுத் துறைக்கே 1954இல் தலைமை ஏற்றார். நம் திருச்சியில் தூய வளனார் கல்லூரியின் ராபினாட் காப்பகத்தை வளர்த்து, தமிழகச் சமவெளியின் தாவரங்களை நூல்களாகத் தொகுத்த தந்தை கே. எம். மேத்யூவும் இந்த மரபினரே. கொடைக்கானல் மலையில் செண்பகனூர் அருங்காட்சியகத்தைக் கண்டவர்க்கு இம்மரபு புதிதன்று.

சாலிம் அலி 1926இல் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவிலேயே வழிகாட்டி விரிவுரையாளராக அமர்ந்தார். நாடு விடுதலை பெற்றபின் கழகம் பணமின்றித் தத்தளித்தபோது, பிரதமர் நேருவுக்கு எழுதி உதவி பெற்று அதைக் காப்பாற்றியவரும் அவரே. 1908இல் திறந்த இழுப்பறைக்கு அவர் செலுத்திய நன்றிக்கடன் அது என்று கொள்ளலாம்.

இன்னொரு நிகழ்ச்சி. 1900க்குப் பின் எவர் கண்ணிலும் பட்டதாக உறுதியான பதிவு இல்லாத ஜெர்டன் கல்குருவியைக் கழக ஆய்வாளர்கள் 1986 சனவரியில் ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில் கண்டுபிடித்தனர். அழிந்தே போயிற்று என்று உலகம் கைவிட்ட பறவை அது. முதுமையில் தளர்ந்திருந்த சாலிம் அலி அதைக் காண விரைந்து சென்றார். பழைய பதிவுகளையும் மாதிரிகளையும் யாரோ பேணி வைத்திருந்ததால் அல்லவா, கண்டது எது என்று உறுதி சொல்ல முடிந்தது!

காப்பவர் யார்?

தலைநகர் தில்லியில் அரசே அமைத்த தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1978 சூன் 5ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் நாளன்று திறக்கப்பட்டது. பல தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகளை மகிழ்வித்த அந்நிலையம் 2016 ஏப்ரல் 26ஆம் நாள் அதிகாலையில் நேர்ந்த தீயில் அழிந்தது. கட்டிடத்தை மீண்டும் கட்டலாம். குறிப்பிட்ட காட்டில் குறிப்பிட்ட நாளில் எடுத்த மாதிரியை மீண்டும் பெற இயலாது. இத்தகைய செல்வத்தைச் சேர்ப்பதைவிடக் காப்பதே கடினம் என்பதை அந்தத் தீ நமக்கு உணர்த்தியது. பம்பாயின் மழைக்கால ஈரத்திலும் பூஞ்சணத்திலும் பூச்சியிலும் இருந்து ஒவ்வோர் ஆண்டும் அலமாரிகளைக் காத்த பெயரறியாக் கைகளின் அருமையும் அப்போதுதான் விளங்குகிறது.

தொடக்க நூல் ஓர் அழகிய காட்சியைத் தீட்டுகிறது. இறைவன் விலங்குகளையும் பறவைகளையும் மனிதன்முன் கொண்டுவந்து, அவன் என்ன பெயரிடுகிறான் என்று பார்க்கிறார். பெயரிடுதல் ஆளுவதற்கு உரிமை என்று சிலர் கொள்வர். பெயர் தெரிந்தவற்றுக்கு நாம் பொறுப்பாளிகள் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான உயிரினங்கள் மறைகின்றன, அவற்றை நம் பிள்ளைகள் காணப்போவதில்லை என்று வருந்தினார். நம் ஊர்க் குளத்தில் இறங்கும் பறவை எது, நம் கோவில் வளாகத்து மரம் எது என்று பெயர் சொல்லத் தெரியாத பிள்ளைகள் அவற்றின் மறைவை எவ்வாறு உணர்வார்கள்?

எண்மரும் அறிஞர் பட்டம் பெற்று அப்பணியில் இறங்கியவர்கள் அல்லர். உப்பு இலாகா ஊழியரும் மது வணிகரும் மருத்துவரும் படைவீரரும், மாதத்தில் ஒரு மாலையைப் பொதுநலத்துக்கு ஒதுக்கினார்கள். ஒருவர் தளர்ந்தபோது அடுத்தவர் தோள் கொடுத்தார். நம் பங்குகளிலும் பள்ளிகளிலும் ஆசிரியரும் அலுவலரும் வணிகரும் இல்லாமல் இல்லை. வட்டாரத்துச் செடிகொடிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து உலர்த்தி, ஊரும் நாளும் எழுதிய சீட்டோடு ஓர் அலமாரியில் வைக்கப் பெரும்பொருள் தேவையில்லை. அதை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்க ஓர் ஆள் வேண்டும்; அவருக்குப்பின் இன்னோர் ஆள் வேண்டும். பம்பாயில் அந்தச் சங்கிலி அறுபடாமல் வந்ததால்தான், 1883இல் எட்டுப் பேர் கொண்டுவந்து காட்டிய மாதிரிகளின் வரிசை இன்றும் நீண்டுகொண்டிருக்கிறது.